கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக்

மின்சாரக் கார் வாங்க விரும்புகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதைத்தான். தனி வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: ராத்திரி கார் நிற்கிற இடத்துக்கு மின்சாரம் வருமா? தனி வீட்டில் போர்டிகோ சுவரில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். பிளாட்டில் அதே பிளக்குக்குக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும், பொதுச் சுவரில் கேபிள் போக வழி வேண்டும், மீட்டர் யாருடையது என்று முடிவாக வேண்டும். இந்த இழுபறியைப் பார்ப்பவர்களுக்கு, மின்சாரக் கார்களைத் தாங்கும் அளவுக்கு நம் கட்டடங்களில் மின்சாரம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. கணக்குப் போட்டால் தேவைப்படும் மின்சாரம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு என்பது தெரியும். குறைவாக இருப்பது பொதுத் திட்டம். லிஃப்டையும் தண்ணீர்த் தொட்டியையும் போல பார்க்கிங் பிளக்கையும் கட்டடத்தின் பொது வசதியாக நினைக்கத் தொடங்கிவிட்டால், மற்றச் சிக்கல்களுக்கெல்லாம் வழி இருக்கிறது.

அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம். பெட்ரோல் கார் எரிபொருள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும்; ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு வந்துவிடும். மின்சாரக் கார் செல்பேசியைப் போன்றது. சும்மா இருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்வதுதான் அதற்கு இயல்பு. நகரத்துக் கார் ஒன்று நாளில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம். மிச்ச நேரம் முழுக்க நிற்கிறது, அதில் பெரும்பகுதி வீட்டுப் பார்க்கிங்கில். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நெக்ஸான் மாதிரியான மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஏழு யூனிட் போதும். கீசருக்கும் ஏ.சி.க்கும் போடுகிற 15 ஆம்பியர் பிளக் மணிக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் கொடுக்கும். அதாவது அன்றைக்கு ஓட்டியதை இரண்டரை மணி நேரத்தில் திருப்பி ஏற்றிவிடலாம். 40 யூனிட் பேட்டரி அடியோடு காலியாகி வந்தால் இந்தப் பிளக்கில் 14 மணி நேரம் ஆகும் என்பது உண்மை. வெளியூர்ப் பயணம் போய்த் திரும்பிய அன்று மட்டும் அந்த நிலை வரலாம். அப்போதும் இரண்டு இரவில் அது நிறைந்துவிடும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் கட்டடம் தாங்குமா என்பது சங்கக் கூட்டங்களில் முதலில் எழும் ஆட்சேபம். நியாயமான கேள்விதான், விடையும் தெளிவானது. 40 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் எல்லா வீட்டிலும் மின்சாரக் கார் வந்துவிட்டதாகவே கொள்வோம். ஒவ்வொருவரும் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் ஒன்றை மாட்டி, வேலையிலிருந்து திரும்பியதும் ஒரே நேரத்தில் போட்டால் 288 கிலோவாட் இழுக்கும். எந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குத் திணறும். அதே 40 கார்களுக்கு ஒரு இரவில் தேவைப்படும் மொத்த மின்சாரமோ 280 யூனிட்தான். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால் 35 கிலோவாட் போதும். வீட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடும் அளவுகூட வராது. நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டாலே தேவை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்தப் பங்கீட்டுக்கு வாட்ச்மேன் விழித்திருந்து பிளக் மாற்ற வேண்டியதில்லை. பல கார்களிலேயே சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் குறித்து வைக்கலாம். கட்டடத்தின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்து, ஏ.சி.கள் ஓடும் முன்னிரவில் கார்களுக்கான மின்சாரத்தைக் குறைத்து, நள்ளிரவுக்கு மேல் கூட்டிவிடும் கருவிகளும் இருக்கின்றன. நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு ஏ.சி. இரண்டாகி, குளியலறைக்கு ஒரு கீசர் வந்தபோது எந்தச் சங்கமும் கூட்டம் போட்டுத் தடுக்கவில்லை. கீசருக்கு நிகரான சுமையோடு வருகிற காரை மட்டும் கட்டடத்தைச் சாய்க்க வந்ததாகப் பார்க்க வேண்டாம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கு மெதுவான பிளக்குக்குத்தான் பொருந்தும். முதலில் கார் வாங்கிய நான்கு பேர் பெரிய சார்ஜர்களை மாட்டி, கட்டடத்தில் மிச்சமிருந்த மின்திறனை எடுத்துக்கொண்டால், ஐந்தாவது ஆளுக்கு எதுவும் இருக்காது. அதனால்தான் இதைத் தனித்தனி அனுமதியாகக் கொடுக்காமல் எல்லோருக்குமாகத் திட்டமிட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஊரெங்கும் வேக சார்ஜ் நிலையங்கள் வருகின்றனவே, பெட்ரோல் பங்க் மாதிரி அங்கே போய் ஏற்றிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அந்த நிலையங்கள் இல்லாமல் முடியாது. அன்றாட ஓட்டத்துக்கு அவற்றையே நம்பியிருந்தால் மின்சாரக் காரின் ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, லிட்டர் சுமார் 100 ரூபாய் விலையில் 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் 6,700 ரூபாய்ச் செலவு வைக்கும். வீட்டில் யூனிட் 8 ரூபாய்க்கு ஏற்றினால் 1,400 ரூபாயில் முடியும். வெளியே வேக சார்ஜரில், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து யூனிட் 20 ரூபாய் என்றால் 3,200 ரூபாய் ஆகும். பணத்தோடு நேரமும் போகிறது. பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் என்றால் இங்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம். தனி வீட்டுக்காரருக்கு யூனிட் எட்டு ரூபாய்க்குக் கிடைப்பது பிளாட்காரருக்கு இருபது ரூபாய்க்குத்தான் கிடைக்கும் என்றால், இந்த மாற்றம் காம்பவுண்டுச் சுவர் உள்ளவர்களுக்கு மட்டுமான சலுகையாகிவிடும். நகரத்துக் காற்றைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று விரும்பும் அரசு, அந்த நகரத்தில் நெருக்கமாக வாழ்பவர்களை விட்டுவிட்டு அதைச் செய்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு மின்சாரம் விற்க உரிமம் வேண்டும் என்பதால், பொது மீட்டரிலிருந்து காருக்குச் சார்ஜ் கொடுத்துக் காசு வாங்குவது தவறோ என்று சங்கங்கள் முன்பு தயங்கின. வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் சொந்தமாகச் சார்ஜ் வசதி வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதல் சொன்னது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. வாகனச் சார்ஜுக்கென்றே தனி மின் இணைப்புக் கேட்டு வாங்க நுகர்வோருக்கு அது வழி செய்தது. பெருநகரங்களில் புதிய இணைப்புத் தருவதற்கான காலக்கெடுவை ஏழு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்தது. ஆக, மின்வாரியத்தின் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது. இடறுவது மீட்டர் பலகைக்கும் பார்க்கிங்குக்கும் நடுவே உள்ள முப்பது, நாற்பது மீட்டரில்.

அந்த நாற்பது மீட்டர் எல்லோருக்கும் பொது. பிளாட் வாங்கியவருக்கு வீட்டின் உட்பகுதி தனி உடைமை. நிலம், தூண், சுவர், படிக்கட்டு, பார்க்கிங் ஆகியவற்றில் அவருக்கு இருப்பது பிரிபடாத பங்கு. தூண்களுக்கு நடுவே தரைத்தளத்தில் அமையும் ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடத்தின் பகுதி, கட்டுநர் அதைத் தனியாகப் பிரித்து விற்க முடியாது என்று மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. இதைக் காட்டியே சில சங்கங்கள், பொது இடத்தில் யாருக்கும் தனி வயர் கிடையாது என்கின்றன. பொது என்பதன் பொருள் யாருக்கும் இல்லை என்பதாகாது. ஏ.சி.யின் வெளி யூனிட்டும் டிஷ் ஆன்டெனாவும் இணையக் கேபிளும் பொதுச் சுவரில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இடம் கொடுத்தபோது சங்கம் எங்கே, எப்படி என்ற ஒழுங்கை மட்டும் சொன்னது. பிளக்குக்கும் அதே முறை போதும். ஜெர்மனி 2020-ல் தன் குடியிருப்பு உடைமைச் சட்டத்தை இந்த அடிப்படையில்தான் திருத்தியது: சார்ஜ் வசதி கேட்கும் உரிமை ஒவ்வொரு உரிமையாளருக்கும் உண்டு, அதை எந்த விதத்தில் அமைப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்யலாம், செலவு கேட்பவருடையது. கலிஃபோர்னியாவில் அதற்கும் முன்பே, சார்ஜர் வைப்பதைத் தடுக்கும் அல்லது காரணமின்றிக் கட்டுப்படுத்தும் சங்க விதிகள் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. நம் மத்திய விதிகள் அனுமதி தருகின்றன. சங்கம் மறுத்தால் அடுத்த வழி என்ன என்பதையும் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால், பாதி மனக்கசப்பு எழாமலேயே போகும்.

தீ பற்றிய அச்சத்தை யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டில் நாட்டின் பல இடங்களில் நடந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. கார்களைப் பொறுத்தவரை கிடைக்கும் சான்று ஆறுதலானது. ஸ்வீடனின் குடிமைப் பாதுகாப்பு முகமை 2022-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்குப்படி, மின்சாரக் கார்களில் தீப்பிடித்தவை லட்சத்துக்கு நான்கு அளவில் இருந்தன. பெட்ரோல், டீசல் கார்களில் லட்சத்துக்கு எழுபதுக்கும் மேல். மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதையும் இந்த ஒப்பீட்டில் கணக்கில் கொள்ள வேண்டும். மின்சாரக் காரில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம், மறுபடி பற்றிக்கொள்ளவும் கூடும் என்பதும் உண்மை. இந்தியாவில் விற்கும் பல கார்களில் வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருப்பது ஒரு பலம். ஆனால் ஒரு பார்க்கிங்கில் மிகவும் அஞ்ச வேண்டியது பேட்டரியைவிட வயரைத்தான். கீசர் சூடாகிவிட்டால் நின்றுவிடும். கார் பல மணி நேரம் இடைவிடாமல் முழுச் சுமையை இழுத்துக்கொண்டிருக்கும். தளர்ந்த பிளக், மெல்லிய வயர், எர்த் இல்லாத பாயின்ட் எல்லாம் அங்கேதான் சூடேறி உருகும்.

இந்த ஆபத்தை நினைத்தால், தடை போடுவதே பாதுகாப்பு என்று நினைக்கும் சங்கம் நேர்மாறான விளைவைத்தான் பெறும். பிளக் கிடைக்காதவர் முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடுவார். ஸ்கூட்டர்காரர் வாட்ச்மேன் அறையின் ஐந்து ஆம்பியர் பிளக்கில் இரவில் மாட்டுவார். பேட்டரியைக் கழற்ற முடிந்தவர் அதைத் தூக்கிப்போய்ப் படுக்கையறையிலோ வாசற்கதவருகிலோ வைத்து ஏற்றுவார். வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு பேட்டரி எரிவதைவிட மோசமான நிலை எதுவும் இல்லை. முறையாகப் போட்ட பாயின்ட் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். மீட்டரிலிருந்து வேறு எதற்கும் கிளை பிரியாத தனிக் கேபிள் வேண்டும். நாற்பது மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நல்லது, 2.5 போட்டால் வழியிலேயே ஒன்பது வோல்ட் அளவுக்கு விரயமாகிச் சூடாக மாறும். சுமை மிஞ்சினால் துண்டித்துவிடும் தனி எம்.சி.பி. வேண்டும்; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. வேண்டும், சோதித்துப் பார்த்த எர்த் வேண்டும். சென்னைக்கு இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்க்கிங்கில் தண்ணீர் எந்த உயரம் ஏறியது என்பது ஒவ்வொரு கட்டடத்துக்கும் தெரியும். பிளக்கும் அதன் பெட்டியும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் உள்ள பாயின்ட்களை மழை எச்சரிக்கை வந்ததும் ஒரே இடத்திலிருந்து அணைக்க ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பது அடுத்தது. கார் இல்லாதவரும் பெட்ரோல் கார் வைத்திருப்பவரும், அடுத்தவர் வண்டிக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். எரியும் மின்சாரத்துக்கான பணம் ஒரு பைசா மிச்சமில்லாமல் பயன்படுத்துபவரிடமே போய்ச் சேர வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. பார்க்கிங் அருகிலேயே மீட்டர் பலகை இருக்கும் சிறிய கட்டடத்தில் அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே கேபிள் இழுக்கலாம். இதில் ஒரு கவனம் வேண்டும்: தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்பட்டு, பயன்பாட்டோடு படிப்படியாக ஏறுவது; 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். காருக்கு அந்த இரண்டு மாதத்தில் 340 யூனிட் கூடுதலாகும் என்பதால், ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீட்டுக்குப் பில் எதிர்பாராமல் எகிறும். இரண்டாவது வழி, பொது மீட்டரிலிருந்து கொடுத்து ஒவ்வொரு பிளக்குக்கும் சப் மீட்டர் வைத்து மாதப் பராமரிப்புத் தொகையோடு வசூலிப்பது. மூன்றாவது, பெரிய குடியிருப்புகளுக்கு ஏற்றது: சார்ஜுக்கென்றே தனி இணைப்பு வாங்கி, அட்டையைக் காட்டினாலோ செல்பேசிச் செயலியில் தட்டினாலோ மட்டும் திறக்கும் பிளக்குகளைப் பொருத்தி, கணக்கைக் கருவியிடமே விட்டுவிடுவது. பொதுப் பணத்திலிருந்து போக வேண்டியது இவ்வளவுதான்: கேபிள்கள் போகும் டிரேயும் ஒரு பங்கீட்டுப் பலகையும். அதற்கும் டெல்லி ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. வீட்டு வளாகங்களிலும் சார்ஜ் பாயின்ட் வைக்க 2021-ல் அங்கே ஒற்றைச் சாளர முறை தொடங்கி, முதல் 30,000 பாயின்ட்களுக்குத் தலா 6,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். கார் வாங்குபவருக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்குத் திருப்பினால், ஒருவருக்குக் கொடுத்தது பலருக்குப் பயன்படும்.

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு மின்சாரக் கார்தான் இருக்கிறது, பத்து வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் கேட்பதற்குச் சிக்கனமாக இருக்கிறது. 2024-ல் இந்தியாவில் விற்ற கார்களில் மின்சாரக் கார்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான் இருந்தன; இருசக்கர வாகனங்களில் நூற்றுக்கு ஆறு. ஆனால் கட்டடத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு. காரின் ஆயுள் பத்துப் பதினைந்து. இன்று எழும் சுவர்கள் இன்றைய எண்ணிக்கைக்காக எழுவதில்லை. மேலும், பிளக் இல்லாததால்தான் கார் வரவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். பத்துப் பேர் வாங்கட்டும் என்று காத்திருக்கும் சங்கமே அந்தப் பத்துப் பேரையும் தடுத்து வைத்திருக்கிறது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019-ல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதிய கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்றது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஐந்து கார்களில் ஒன்றுக்கு மட்டும் பாயின்ட் வைத்துவிட்டால், மற்ற நான்கு பேர் பின்னாளில் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டிவரும். பாயின்ட்டை ஐந்தில் ஒன்றுக்கு வைத்தாலும் காலிக் குழாயை ஐந்துக்கும் விட்டுவைப்பது கட்டும்போது சொற்பச் செலவு. வீடு பார்க்க வருகிறவர்கள் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் கேட்பது போல இதையும் கேட்கத் தொடங்கினால், கட்டுநர்கள் விதிக்குக் காத்திராமல் செய்வார்கள்.

இந்த வாதம் சரிவராத கட்டடங்களும் உண்டு. குறித்த இடம் என்று இல்லாமல் முதலில் வந்தவர் முதலில் நிறுத்தும் பார்க்கிங், அலுமினிய வயரும் பழைய மீட்டர் பலகையுமாக இருக்கும் நாற்பது வயதுக் கட்டடம், தெருவிலேயே கார் நிற்கும் குடியிருப்பு ஆகியவற்றில் ஆளுக்கொரு பிளக் நடக்காது. அங்கே வாசலருகே இரண்டு பொதுப் பாயின்ட் வைத்து முறை போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டரை மணி நேரம் போதும் என்பதால், இரண்டு பாயின்ட்டில் முறைவைத்து ஏழு கார்கள் தலா வாரத்தில் இரண்டு இரவு சார்ஜ் ஏற்றிச் சமாளிக்க முடியும். வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் கடினம். அடுத்த ஆண்டு காலி செய்யப்போகும் வீட்டில் அவர் எப்படி இருபதாயிரம் போட்டுக் கேபிள் இழுப்பார்? பொதுப் பாயின்ட் இருந்தால்தான் அவருக்கும் வழி பிறக்கும். பிளக்கைத் தனிமனிதர் வசதியாக நினைக்காமல் கட்டடத்தின் வசதியாக நினைக்க வேண்டும் என்பதற்கு வாடகைக்காரரே போதுமான காரணம்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சங்கம் செய்யக்கூடிய வேலை பெரியதல்ல. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு கட்டடத்துக்கு வாங்கிய மின்திறன் எவ்வளவு, கோடை இரவில் அதில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்துகொள்ளலாம். மீட்டர் அறையிலிருந்து கடைசிப் பார்க்கிங் வரை கேபிள் டிரே போகும் பாதையை வரைந்துகொள்ளலாம். வயரின் அளவு, ஆர்.சி.சி.பி., பிளக்கின் உயரம், அதிகபட்ச ஆம்பியர், பில் போடும் முறை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் விதியாக எழுதி வைக்கலாம். அதன்பின் யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் போதும்; ஒவ்வொருவருக்கும் புதிதாக விவாதம் நடக்காது, யாரும் யாரிடமும் தயவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. காருக்குத் தேவைப்படும் ஏழு யூனிட் அந்தக் கட்டடத்துக்கு இன்றைக்கே வந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது கீழே இறங்கிக் கார் நிற்கும் இடத்துக்கு வர ஒரு பாதை போட்டுக் கொடுத்தால் போதும்.